ஆகாயத்தில் தொலைந்த இரண்டு மணி நேரம்

டிரங்க் காலில் காலையிலேயே கேட்டாகிவிட்டது. இப்போது மணி இரண்டரை. மெட்ராஸ் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

துப்பறியும் பாலகுருவுக்கு உட்காரத் தெரியாது. மிஷன் வீதி மாடியில் உள்ள தம்முடைய ஆபீசுக்கு ஆசையாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார். அதில் இதுவரை சாய்ந்தவை அவருடைய ஈரத் துண்டும் பழைய பேப்பர்களும்தான். ஜன்னலுக்கும் டெலிபோனுக்கும் நடுவே அவர் நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் பாதை விழுந்துவிட்டதாக உதவியாளர் ரஞ்சிதம் சொல்வாள். ரஞ்சிதம் சொல்வதில் பாதியை நம்பக் கூடாது. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

"முசியே, இப்படியே நடந்தீங்கன்னா டிரங்க் கால் வர்றதுக்குள்ள மெட்ராசே வந்துடும். நேர்லயே கேட்டுட்டுத் திரும்பிடலாம்."

கோபம் வந்தால் 'சார்', கிண்டல் வந்தால் 'முசியே'. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில் கொடியை இறக்கி மூன்றரை வருஷம் ஆகிறது. போகிற போக்கில் அவர்கள் எதையெல்லாமோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ரஞ்சிதம் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பாலகுரு நடந்துகொண்டே இருந்தார். காலையில் வந்துவிட்டுப் போன பெண்ணின் கேள்வி அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஜரினா. காஜியார் வீதி. வயது பதினேழு இருக்கும். தாய் அக்தர் பேகம், விதவை. அண்ணன் மொய்னுதீன் பன்னிரண்டு வயதில் உறவுக்காரர் ஒருவரோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினான். பதினோரு வருஷமாகக் கடிதம் மட்டும் வந்தது. நடுவில் தகப்பனார் காலமானார், அதற்கும் அவனால் வர முடியவில்லை. இந்தப் புதன்கிழமை விடியற்காலையில் தாடி வைத்த ஓர் இளைஞன் தகரப் பெட்டியோடு வாசலில் நின்று "அம்மா" என்றான். பெட்டியில் மொய்னுதீன் பெயர் எழுதியிருந்தது. பேகம் எழுதிய கடிதங்கள் கட்டாக உள்ளே இருந்தன. விமானக் கம்பெனியின் சீட்டு கைப்பிடியில் தொங்கியது. சின்ன வயதில் கிணற்றுக்குள் செருப்பைப் போட்டு அடி வாங்கிய கதை வரைக்கும் சொன்னான். பேகம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

பாஸ்போர்ட்? மெட்ராசில் ஏஜெண்டிடம் இருக்கிறதாம். பழைய போட்டோ? தகப்பனார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் போட்டோ ஆகாது. மறுநாளே மகன், வீட்டை விற்றுவிட்டு அம்மாவையும் தங்கையையும் சிங்கப்பூருக்கே கூட்டிப் போகப் போவதாகச் சொல்லிவிட்டான். வாங்குகிற ஆளும் தயார். நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திரம் எழுதும் நொத்தேர் வீட்டுக்கே வருகிறார்.

"அவன் எங்க அண்ணன் இல்ல சார்" என்றாள் ஜரினா. "வந்து ரெண்டு நாள் முழுசா ஆயிடுச்சி. அத்தா அடக்கமான கபருக்கு இன்னும் போவல. வந்து எறங்குனதும் மொதல்ல அத்தாகிட்டதான் போவேன்னு கடுதாசிக்குக் கடுதாசி எழுதுன அண்ணன் சார் எங்க அண்ணன். அம்மாகிட்ட சொன்னா அடிக்க வர்றாங்க."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இவன் அண்ணன் இல்லன்னா எங்க அண்ணன் எங்க சார்?"

அதற்குத்தான் பாலகுரு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் குமாரவேலுக்கு டிரங்க் கால் போட்டுச் செவ்வாய்க்கிழமை பிளேனில் வந்தவனைப் பற்றி விசாரிக்கச் சொன்னதும், தையல் சிநேகிதி என்று சொல்லி ரஞ்சிதத்தைப் பேகம் வீட்டுக்குள் அனுப்பியதும் அதற்குத்தான். வெளி ஆண்கள் எதிரே பேகம் வருவதில்லை. ரஞ்சிதமோ திரையைத் தாண்டிப் போய் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு படி வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"சொல்லு. ஒரு வார்த்தை விடக் கூடாது."

"சொல்றதுக்கு என்னா இருக்குது? மகன் பெருமைதான். பிரயாணத்துல இருக்கறவங்க நோன்பை விட்டுட்டு அப்புறமா வச்சிக்கலாமாம். அதுக்கு அனுமதி இருக்குதாம். அப்படியும் புள்ள விடலியாம். ஏரோப்பிளேன்ல நோன்போடவே வந்தானாம். அதைச் சொல்றப்ப அந்தம்மா முகத்தைப் பாக்கணும் சார். இவன் எம்புள்ளதான்னு அவுங்க நம்புறதே அதுலதான்."

"எப்ப நோன்பு தொறந்தானாம்?"

"ஆறே முக்காலுக்கு. கீழ பாத்தா முழுக்கக் கடல். சூரியன் அப்படியே தண்ணிக்குள்ள முழுவிச்சாம். கைக்கடியாரத்தைப் பாத்துக்கிட்டே மூணு பேரீச்சம்பழம், ஒரு மொடக்கு தண்ணி. அந்தம்மா அழுதுச்சி. எனக்கும் கொஞ்சம் வந்துச்சி. வெங்காயந்தான்னு வச்சிக்குங்க."

பாலகுரு நடையை நிறுத்தினார். அவர் நிற்பது அபூர்வம் என்பதால் ரஞ்சிதமும் வாயை மூடினாள்.

"பிளேன் எத்தனை மணிக்குக் கெளம்பிச்சாம்?"

"அங்க மத்தியானம் மூணு. மீனம்பாக்கத்துல ராத்திரி ஏழேகால். நாலேகால் மணி நேரந்தானாம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துட்டேம்மான்னு சொன்னானாம்."

சுவரில் உலகப் படம் ஒன்று மாட்டியிருந்தது. பாலகுரு ரஞ்சிதத்தின் தையல் பெட்டியிலிருந்து நூலை உருவினார். ஒரு நுனியைச் சிங்கப்பூரில் வைத்து மறு நுனியை மெட்ராஸ் வரைக்கும் இழுத்தார். படத்தின் மூலையில் இருந்த அளவுகோலில் நூலை வைத்துப் பார்த்தார்.

"ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு மைல். அந்த வழியில போற பிளேன் மணிக்கு முந்நூறு மைல் போனாலே பெரிசு. நாலேகால் மணி நேரத்துல எப்படி வந்து சேரும்?"

"பின்னாலேர்ந்து காத்து தள்ளியிருக்கும்."

"ஆறு மணி நேரத்துக்கு மேல ஆவணும். ரெண்டு மணி நேரம் கொறையுது. அது எங்க போச்சி தெரியுமா? சிங்கப்பூர்ல கடியாரம் நம்மளவிட ரெண்டு மணி முன்னால ஓடுது. அங்க மூணுன்னா இங்க ஒண்ணு. நம்ம மணிக்கு ஒண்ணுக்குக் கெளம்பி ஏழேகாலுக்கு எறங்கியிருக்குது. ஆறேகால் மணி நேரம். இவன் பொட்டியில இருந்த டிக்கெட்டுல போட்டிருக்கற ரெண்டு நேரத்தையும் பாத்து ஏழேகால்லேர்ந்து மூணைக் கழிச்சிட்டான். அந்தப் பிளேன்ல உக்காந்து வந்தவனுக்குக் கணக்கே வேணாம். இடுப்பு சொல்லியிருக்கும்."

ரஞ்சிதம் ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. "நான் வில்லியனூருக்கு பஸ்ல போனாக்கூட எவ்ளோ நேரம் ஆச்சின்னு தப்பாத்தான் சொல்லுவேன். அதுக்காக என்னைப் புடிச்சி ஜெயில்ல போடுவீங்களா?"

"நீ தப்பா சொல்லுவ. சூரியன் சொல்லாதே."

"சூரியன் என்னா பண்ணுச்சி?"

"ஆறே முக்கால்ங்கறது சிங்கப்பூர்ல தரையில நிக்கிறவனுக்கு நோன்பு தொறக்கற நேரம். இவன் தரையிலயா நின்னான்? மேற்க பாத்துப் பறக்கறான். சூரியன் முன்னால ஓடுது, இவன் பின்னாலயே தொரத்துறான். அது அவ்ளோ லேசுல விழாது. அந்தப் பிளேன்ல வந்தவன் கடியாரத்துல எட்டு மணி தாண்டினப்புறந்தான் சூரியன் விழுந்திருக்கும். அன்னைக்கு அவன் நோன்பு மத்தவங்களதவிட ஒண்ணரை மணி நேரம் நீளம்."

"கடியாரத்தை நம்ம நேரத்துக்குத் திருப்பி வச்சிருந்தா?"

"அப்பவும் ஒத்து வராது. இங்க ஆறேகாலுக்கே பாங்கு சொல்லிடறாங்க. ஆறே முக்காலுக்கு நல்லா இருட்டிடும். எந்தக் கடியாரத்தை வச்சிப் பாத்தாலும் அவன் சூரியன் தப்பான நேரத்துல விழுது."

"நோன்பே வைக்காம, அம்மா சந்தோஷப்படட்டும்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இல்ல? எங்க அண்ணன் வாராவாரம் கோயிலுக்குப் போறேம்பான். டூரிங் கொட்டாய்ல இருப்பான்."

"சொல்லலாம். ஆனா பொய் சொல்றவன்கூடக் கண்ணால பாத்ததை வச்சித்தான் கட்டுவான். ஆறே முக்காலுக்கு அந்த ஜன்னல்ல வெயில் கண்ணைக் குத்தியிருக்கும். அதைப் பாத்தவன் வாயில சூரியன் முழுவிச்சின்னு வராது."

ரஞ்சிதம் நூலைச் சுருட்டி உள்ளே வைத்தாள். அவள் எதிர்க்கேள்வி கேட்காவிட்டால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம்.

"இன்னொண்ணு" என்றார் பாலகுரு. அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ஆறே முக்கால்னு சட்டுனு வாயில வருதுன்னா இவன் சிங்கப்பூர்ல நோன்பு புடிச்சவன். ஆனா பிளேன் ஏறினதில்ல. கப்பல்ல வந்தவன். கப்பல்ல தெனமும் ராத்திரி கடியாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னால தள்ளி வச்சிடுவாங்க. ஒரு வாரத்துல ரெண்டு மணி நேரமும் கரைஞ்சிடும், யாருக்கும் தெரியாது. அப்ப இவன் அங்க மொய்னுதீனோட பழகினவன். பொட்டியையும் கடுதாசியையும் திருடிக்கிட்டுக் கப்பலேறி வந்துட்டான். உண்மையான மொய்னுதீன் இன்னும் சிங்கப்பூர்ல பொட்டியைத் தேடிக்கிட்டு இருக்கான். ஜரினாவுக்குச் சொல்லிடு, அவுங்க அண்ணன் பத்திரமா இருக்காருன்னு."

துப்பறிகிறவர்கள் சந்தோஷப்படும் நேரம் பார்த்துத்தான் டெலிபோன் மணி அடிக்கும். அடித்தது.

மறுமுனையில் குமாரவேல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் குரல். பாலகுரு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு, வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரஞ்சிதம் தையல் பெட்டியை ஓரமாக வைத்தாள்.

"செவ்வாக்கெழமை பிளேன்ல மொய்னுதீன் வந்திருக்கான்" என்றார். "சீட்டு காலி இல்ல. ஆள் வந்து எறங்கியிருக்கான்."

"அப்ப இவன்தான் அவனா? சூரியன் கத எல்லாம் தண்ணியில போச்சா?"

"போவல. அதான் பயமா இருக்குது. அந்தப் பிளேன்ல வேலை பாத்த பொண்ணு இன்னைக்கு மீனம்பாக்கத்துலதான் இருந்திருக்குது. குமாரவேல் கேட்டிருக்கான். அதுக்கு அந்த ஆளை நல்லா ஞாபகம் இருக்காம். சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லியாம். ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு, சூரியன் இன்னுமா விழல, இன்னுமா விழலன்னு அந்தப் பொண்ணைக் கேட்டுக்கிட்டே இருந்தானாம். எறங்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாலதான் தண்ணி குடிச்சானாம்."

ரஞ்சிதம் சுவர்ப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளியில தாடி வச்ச ஒரு சிநேகிதன் கார் கொண்டாந்து காத்துக்கிட்டு இருந்திருக்கான். கட்டிப் புடிச்சிக்கிட்டாங்களாம். ரெண்டு பேரும் பாண்டிச்சேரி ரோட்டுல கெளம்பினாங்க. வீட்டுக்கு ஒருத்தன்தான் வந்து சேந்திருக்கான்."

பாலகுரு எழுந்துவிட்டார். பெட்டி திருடு போனது என்று கதை கட்டி அரை நிமிஷம் சந்தோஷப்பட்டதற்காகத் தம்மையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஒரு தாய் மூன்று நாளாக மகன் வந்துவிட்டான் என்று ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த மகன் நூறு மைல் ரோட்டில் எங்கே கிடக்கிறானோ.

"அவுரு உசுரோட இருப்பாரா சார்?"

"தெரியாது."

"போலீசுக்குச் சொல்லி இவனைப் புடிச்சி ரெண்டு போட்டா சொல்ல மாட்டானா?"

"வாயைத் தொறக்காம இருந்தா இவன் மேல பொட்டி திருடின கேஸ்தான் நிக்கும். தொறந்தா பெரிய கேஸ். தொறப்பானா? அதுக்குள்ள அங்க என்ன ஆவுமோ." ஜன்னல், டெலிபோன், ஜன்னல். "யோசி. வேற என்ன சொன்னாங்க அந்தம்மா? இவன் வெளியில போறானா? யாரையாவது பாக்கறானா?"

"வீட்டை விட்டே அசையறதில்லியாம். வெளியில போனா யாராவது அடையாளம் கேப்பாங்கன்னு பயம்போல. சாயங்காலம் மட்டும் போறான். அதுவும் நல்ல காரியத்துக்குத்தான். பள்ளிவாசல்ல யாரோ ஒரு ஏழை இருக்காராம். அவுருக்கு ஒரு தூக்கு நெறைய அம்மா காச்சின நோன்புக் கஞ்சியைக் கொண்டு போறான். சைக்கிள்ல. அதுலயும் அந்தம்மாவுக்குப் பெருமை…"

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினாள். பாலகுருவும் நின்றுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பள்ளிவாசலுக்கா?" என்றார் அவர்.

"பள்ளிவாசல்லதான் அண்டா அண்டாவா கஞ்சி காச்சி ஊத்தறாங்க. ஊரே தூக்கை எடுத்துக்கிட்டுப் போயி அங்கேர்ந்துதான் வாங்கிட்டு வருது. நம்ம ஆபீசுக்குக்கூட நேத்து கீழ்க்கடை பாய் குடுத்தாரு. இவன் மட்டும் வீட்டுலேர்ந்து ரொப்பிக்கிட்டு அங்க போறானா?"

"அங்க போவல" என்றார் பாலகுரு. "வேற எங்கயோ போறான். அங்க ஒரு ஆளு பசியோட இருக்கான். உசுரோட இருக்கான்."

சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பது பொருந்தும்.

பாலகுருவின் கார் ஒரு துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஏன் விட்டுவிட்டுப் போனார் என்பது அதை ஓட்டினால் புரியும். அஞ்சு மணிக்குக் காஜியார் வீதி முனையில் வேப்ப மரத்தடியில் அதை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். வெளியில் ஆண்களும் பெண்களுமாகப் பள்ளிவாசல் பக்கமிருந்து தூக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெந்தயமும் பூண்டும் கலந்த வாசனை வீதி முழுக்க இருந்தது. பாலகுரு நடக்க இடமில்லாமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"சார், அந்த ஹாரன் மேல கைய வைக்காதீங்க. அது ஒண்ணுதான் இந்தக் கார்ல ஒழுங்கா வேலை செய்யுது."

வீட்டுக் கதவு திறந்தது. தாடிக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹாண்டில்பாரில் தூக்கு. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. பள்ளிவாசல் வடக்கே இருக்க, அவன் தெற்கே மிதித்தான். அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

கார் கிளம்பவில்லை. ரஞ்சிதம் இறங்கித் தள்ளினாள். தள்ளும்போது அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியபோது சைக்கிள் கண்ணுக்கு மறைந்திருந்தது. அரியாங்குப்பம் பாலத்தில் தூரத்தில் ஒரு தடவை தெரிந்தது. தவளக்குப்பம் சந்தைக் கூட்டத்தில் மறுபடியும் காணாமல் போனது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாலகுரு நகத்தைக் கடித்தார். மூன்று ரோடு பிரிகிற இடம். தப்பான ரோட்டில் போனால் இன்றைய பொழுது போய்விடும், நாளை காலை நொத்தேர் வந்துவிடுவார், அதற்கப்புறம் அந்தக் கஞ்சித் தூக்குக்கு அவசியமே இருக்காது.

ரஞ்சிதம் ரோட்டோரத்தில் மீன் கூடை வைத்திருந்த அம்மாளிடம் ஓடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் வீராயி என்று கூப்பிட்டார்கள்.

"யக்கா, சைக்கிள்ல தூக்கு மாட்டிக்கிட்டு தாடி வச்ச ஒருத்தர் போனாரா?"

"இப்பதான் போவுது. முந்தாநாளும் போச்சி, நேத்தும் போச்சி. அதோ அந்த மண்ணு ரோட்டுல, கடக்கரை சவுக்குத் தோப்புக்கு." வீராயி ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பக்கம் ஒரு குடியும் கெடையாது. யாருக்குடா இது சோறு கொண்டு போவுதுன்னு நானே நெனச்சேன்."

மண் ரோட்டில் காரை விட்டுவிட்டு நடந்தார்கள். தோப்புக்குள் காவல்காரர்கள் கைவிட்ட ஒரு கொட்டாய். வெளியில் சைக்கிள். ரஞ்சிதம் அதன் பக்கத்தில் குனிந்து ஏதோ செய்தாள். பாலகுரு கீற்று இடுக்கில் கண்ணை வைத்தார்.

உள்ளே ஓர் இளைஞன் கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தான். நெற்றியில் காய்ந்த ரத்தம். ஒரு கை மட்டும் அவிழ்ந்திருந்தது. முன்னால் தூக்கு திறந்திருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"குடிச்சித் தொலையேன்" என்றான் தாடிக்காரன். "நான் திரும்பிப் போவணும்."

"இன்னும் விழல."

"இங்கேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்?"

"கீத்துல வெளிச்சம் இருக்குது பாரு, அபுசாலி."

தாடிக்காரனின் பெயர் அப்படித்தான் தெரிந்தது. பாலகுரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அவுரு சொல்றது சரி. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. உனக்குத்தான் சூரியன் விஷயத்துல எப்பவுமே அவசரம்."

அபுசாலி அவரை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தான். சைக்கிளில் தாவி ஏறி மிதித்தான். பத்து கஜம் கூடப் போகவில்லை. இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. மணலில் குப்புற விழுந்தவன் எழுந்து ஓடினான். காலையிலிருந்து நடந்து நடந்து பாலகுருவுக்குக் கால் நன்றாகச் சூடேறியிருந்தது. நாலாவது சவுக்கு மரத்தடியில் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"காத்து பின்னாலேர்ந்து தள்ளலியா தம்பி?" என்றாள் ரஞ்சிதம், இரண்டு வால்வுகளையும் உள்ளங்கையில் காட்டி.

சிங்கப்பூரில் இருவரும் ஒரே அறையில் ஐந்து வருஷம் தங்கியவர்கள். அபுசாலி மூன்று மாதம் முன்னால் கப்பலில் ஊர் திரும்பிவிட்டான். வேலை கிடைக்கவில்லை. மொய்னுதீன் வருகிறான் என்று தெரிந்ததும் வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் நின்றான். சிநேகிதன்தானே என்று மொய்னுதீனும் ஏறிக்கொண்டான். அபுசாலி வழியில் இறக்கி இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்திருக்கிறான். கொல்லத் தைரியம் வரவில்லை. வீடு கைமாறும் வரைக்கும் கட்டிப் போட்டால் போதும் என்று நினைத்தானாம். கொல்லாமல் விட்டது தன் நல்ல மனசு என்று அரியாங்குப்பம் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். பாலகுருவுக்கு அவன் பல்லைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

அதற்கு முன்னால், கொட்டாயில், ரஞ்சிதம் கட்டை அவிழ்த்துவிட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "விழுந்துடுச்சி. குடிங்க."

மொய்னுதீன் உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டுத் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பிறகுதான் பேசினான். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"அவுங்க காச்சினதுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாள் மொத வாய்லயே தெரிஞ்சிடுச்சி. அப்ப இவன் எங்க வீட்டுக்குள்ளதான் இருக்கான்னும் தெரிஞ்சிடுச்சி. கத்துனா கடக்கரையில யாருக்காவது கேட்டிருக்கும். கத்தல. இவன் திரும்பிப் போயி அவுங்களை ஏதாவது பண்ணிட்டா?"

ரஞ்சிதம் வெளியே போய் நின்றாள். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

காஜியார் வீதிக்கு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஜரினாவுக்கு எல்லாம் சொல்லியாயிற்று. அவள் அண்ணனின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. திரைக்குப் பின்னால் பேகம் நிற்பது தெரிந்தது. சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.

"அம்மா" என்றான் மொய்னுதீன்.

திரை விலகவில்லை. பாலகுரு வாசலுக்கும் தெருவுக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

கடைசியில் அக்தர் பேகம் திரையை விலக்கிக்கொண்டு, அந்நிய மனிதர் ஒருவர் நிற்பதையும் பொருட்படுத்தாமல், நடுக்கூடம் வரைக்கும் வந்தார். மகனிடமிருந்து நாலடி தள்ளி நின்றுவிட்டார். நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கை எழும்பியது, பாதியில் இறங்கிவிட்டது.

"பொதங்கெழமையும் இப்படித்தான் ஒருத்தன் வந்து அம்மான்னான்" என்றார். "ஓடியாந்து கட்டிக்கிட்டேன். பெத்த கண்ணு, அதுக்கே தெரியல. இப்ப யாரை நம்பறது நான்?"

கிணற்றில் செருப்புப் போட்ட கதையை மொய்னுதீனும் சொல்லலாம். அதை அபுசாலிதான் ஏற்கெனவே சொல்லிவிட்டானே.

மொய்னுதீன் கையிலிருந்த காலித் தூக்கைத் தரையில் வைத்தான்.

"மூணு நாளும் கஞ்சில உப்பே இல்லம்மா" என்றான்.

"நோன்பு வச்சிக்கிட்டு எப்படிடா ருசி பாக்கறது?" என்று வெடுக்கென்று வந்தது பேகம் வாயிலிருந்து. "வேணும்னா எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே. சின்னதுலேர்ந்து இதே கொற…"

அங்கே நின்றுவிட்டார். ஜரினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மூன்று நாளில் அம்மா அவனை ராசா என்றார், கண்ணு என்றார். ஒரு தடவைகூட டா போட்டுத் திட்டவில்லை.

பேகம் அந்த நாலடியையும் எப்படிக் கடந்தார் என்று பாலகுரு பார்க்கவில்லை. அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் மகனின் தோளில் ஓர் அடி விழுகிற சத்தமும், அதற்கப்புறம் அழுகையும் கேட்டன. ரொம்ப நேரம் கழித்து, அழுகைக்கு நடுவே பேகம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவன் தெனமும் நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மான்னு குடிச்சான். எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."